பழைய மரமும் காய்கறிப் பாத்தியும்

வீட்டைச் சுற்றிக் கையகல நிலம் உள்ளவர்கள் அதில் நாலு கத்தரியும் ஒரு அவரைப் பந்தலும் வைத்துக்கொள்வது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிய வழக்கமன்று. ஆனால் அந்தச் செடிகளை நிலமட்டத்தில் பாத்தி பிடித்து வளர்க்காமல், நான்கு பக்கமும் பலகை அடைத்து, உள்ளே மண்ணும் எருவும் நிரப்பி, தரைக்குமேல் ஓரடி உயரத்தில் பயிரிட வேண்டும் என்னும் ஆசை, நகரத்து மாடித் தோட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இப்போது உண்டாகியிருக்கிறது. புதுப் பலகை விற்கும் விலையில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள இயலாதவர்கள் இடித்த வீட்டுச் சட்டத்தையும், கட்டட வேலை முடிந்து கழித்த பலகையையும், சரக்குப் பெட்டி உடைத்த மரத்தையும் நாடுவது இயல்பே. காசு மிச்சமாகிறது, ஒரு மரம் வெட்டப்படாமல் பிழைக்கிறது, வீணாகக் கிடந்த பொருள் பயனுக்கு வருகிறது. இத்தனை நியாயங்களும் ஒருபுறம் நிற்க, அந்தப் பழைய மரம் கறையானுக்கும் உளுப்புக்கும் அஞ்சி ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு மருந்தைக் குடித்த மரமாக இருக்குமானால், அம்மருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து வேருக்கும் வேரிலிருந்து இலைக்கும் ஏறி, நம் இலையில் பரிமாறப்படும் கறியோடு வந்து சேருமா என்பதே இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

இதனை மூன்று வினாக்களாகப் பிரித்துக்கொள்வது சௌகரியம். பலகை அடைத்த மேட்டுப்பாத்தி இந்த மண்ணுக்கு வேண்டியதுதானா என்பது முதல் வினா. இந்த ஜில்லாவில் கைக்கு எட்டும் பழைய மரங்கள் யாவை, அவற்றுள் எது எந்த மருந்தைக் கண்டது என்பது இரண்டாவது. அம்மருந்து எவ்வளவு தூரம் நடந்து பயிரை எட்டும், அதற்கு நாம் செய்யக்கூடியது என்ன என்பது மூன்றாவது.

மண்ணும் மேட்டுப்பாத்தியும்

மேட்டுப்பாத்திக்குச் சொல்லப்படும் பெருமைகளுள் தலையானது, நீர் தேங்காமல் வடிந்துவிடும் என்பது. மழை மிகுந்த குளிர்நாடுகளில் அது பெருமையே. ஆண்டு முழுவதும் கூட்டினாலும் சுமார் 900 மில்லிமீட்டர் மழையையே காணும் புதுக்கோட்டையில், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருக்கும் பிரதேசத்தில், நீரை வடியவிடுவதைக் காட்டிலும் பிடித்துவைப்பதே குடியானவனுடைய கவலையாக இருந்துவந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டிவைத்த முன்னோர், காய்கறிக்குத் தாழ்ந்த பாத்தியும் உயர்ந்த வரப்புமாகவே நிலத்தை வகுத்தார்கள். மேட்டுப்பாத்தியைப் பெரும்பாலும் நாற்று விடுவதற்கே ஒதுக்கினார்கள். சித்திரை, வைகாசி வெயிலில், தரைக்குமேல் எழும்பி நிற்கும் மண் மேற்புறத்தோடு நான்கு பக்கங்களிலும் சூடேறிக் காய்வதால், தரைப்பாத்திக்கு ஒருவேளைத் தண்ணீர் போதுமான இடத்தில் அதற்கு இருவேளை வேண்டியிருக்கும்.

அப்படியானால் மேட்டுப்பாத்தி இங்கே வீண் ஆடம்பரமோ என்றால், முற்றிலும் அப்படிச் சொல்வதற்கில்லை. கந்தர்வகோட்டைப் பக்கத்திலும் ஆலங்குடி வட்டாரத்திலும் மேல்மண்ணைச் சற்றே கிளறியதும் செம்புராங்கல் தட்டுப்படும் மனைகள் உண்டு. கடப்பாரைக்கே இடங்கொடாத அந்தக் கெட்டித் தளத்தில் முள்ளங்கி வேர் எங்ஙனம் இறங்கும்? மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களில் கீழிருந்து ஏறும் உப்பு வேரைச் சுடுகிறது. நல்ல மண்ணை மேலே கொண்டுவந்து வைப்பதே அங்கே வழி. நகரத்துப் புதுமனைகளிலோ மண் என்று காண்பதில் பாதி சிமெண்டுத் துண்டும் செங்கல் உடைசலுமாகவே இருக்கும். இவற்றோடு, குனிந்து நிமிர இயலாத முதியோர்க்கு முழங்கால் உயரப் பாத்தி ஒரு தர்மம் என்பதையும் மறுக்கலாகாது. இந்த நான்கு சந்தர்ப்பங்களிலும் மண்ணை உயர்த்துவது அவசியந்தான். ஆயினும் உயர்த்திய மண்ணைத் தாங்கும் சுவர் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

கறையானும் மருந்தும்

இந்த ஜில்லாவில் மரத்துக்கு முதற்சத்துரு கறையான். ஒருபுறம் ஈரமண்ணும் மறுபுறம் வெயிலுமாக, காற்றோட்டமின்றித் தரையில் புதைந்து நிற்கும் பாத்திப் பலகையைப்போல் அதற்கு வாய்ப்பான விருந்து வேறில்லை. மாம்பலகையோ இலவம் பலகையோ ஓரிரண்டு மழைக்காலத்துக்குள் உள்ளே புற்றுமண்ணாகவும் வெளியே தோலாகவும் மாறிவிடும். பாத்திக்கு மரம் தேடுகிறவன் மருந்து கண்ட மரத்தை விரும்புவதற்கு இதுவே காரணம். அவனை நாம் குறைகூற முடியாது.

மரத்துக்கு மருந்திடும் கலை நம்மவருக்கும் தெரிந்திருந்தது. வெட்டிய மரத்தைக் கண்மாய் நீரிலோ சேற்றிலோ மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பூச்சி விரும்பும் மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவது ஒரு முறை. முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசுவது மற்றொன்று. தோலில் பட்டால் கொப்புளிக்கச் செய்யும் அந்த எண்ணெய் மரத்தில் காய்ந்தபின் கறையானை அணுகவொட்டாது என்பது, ஆதனக்கோட்டை வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை சுட்டு உடைத்துப் பிழைப்போர்க்கும் கடற்கரையில் படகு பழுதுபார்ப்போர்க்கும் புதிய செய்தியாகாது.

ஆலை முறையில் மருந்தேற்றுவதன் சரித்திரம் இங்கிலாந்தில் 1838-இல் ஜான் பெத்தெல் என்பவர் பெற்ற காப்புரிமையிலிருந்து விரிகிறது. மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, பின்னர் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தோடு மரத்தின் நார்களுக்குள் செலுத்துவது அவர் கண்ட வழி. உலகெங்கும் ரெயில் பாதையின் மரக்கட்டைகள் நெடுநாள் நிலைத்ததற்கு அதுவே ஆதாரம். இதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், 1933-இல், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோன்டி காமேசன் என்னும் இந்திய விஞ்ஞானி, செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் உப்புகளையும் நீரில் கரைத்து மரத்துக்குள் செலுத்தினால், குரோமியத்தின் உதவியால் மற்ற இரண்டும் மரநாரோடு பிணைந்து, மழை எளிதில் அலசிக்கொண்டு போகாதபடி நிலைத்துவிடும் என்று கண்டறிந்தார். செம்பு பூஞ்சையைத் தடுத்தது. ஆர்சனிக்காகிய பாஷாணம் கறையானைக் கொன்றது. 'அஸ்கு' என்னும் பெயரால் வழங்கிய இந்தக் கலவை பின்னர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து தேசங்களில் வேலிக்கால் முதல் குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல் மேடை வரையில் பரவியது.

பரவிய இடங்களிலேயே பிற்காலத்தில் அதைப் பற்றிய அச்சமும் எழுந்தது. 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் குடியிருப்பு உபயோகத்துக்கான மரங்களில் இக்கலவையை ஏற்றுவது கைவிடப்பட்டது. 2004-இல் ஐரோப்பாவும் 2006-இல் ஆஸ்திரேலியாவும் கட்டுப்பாடு விதித்தன. ஆர்சனிக் இல்லாத செம்புக் கலவைகள் அதன் இடத்தைப் பிடித்தன. மேட்டுப்பாத்திக்கு மருந்து மரம் ஆகாது என்று மேனாட்டுத் தோட்ட நூல்கள் எச்சரிப்பதெல்லாம் இந்தச் சரித்திரத்தை மனத்தில் கொண்டே. அந்த எச்சரிக்கையை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து புதுக்கோட்டையில் நடுவது பொருந்துமா என்பதை, இங்கே கிடைக்கும் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

கைக்கு எட்டும் மரங்கள்

முதலில் பழைய வீட்டு மரம். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி, குழிபிறை, விராச்சிலை என்று திருமயம் பக்கத்தில் நிறைந்திருக்கும் நகரத்தார் ஊர்களில், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, தூணாகவும் உத்தரமாகவும் கதவாகவும் நின்ற மாளிகைகள் பலவும் வாரிசுகளின் பாகப்பிரிவினையில் இடிபட்டு, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கும் பழைய மரக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தேக்கின் வைரப்பகுதிக்கு மருந்து வேண்டியதில்லை. கறையானை விலக்கும் சத்து அதனுள்ளேயே இருக்கிறது. ஆகவே வண்ணம் பூசாத தேக்கு பாத்திக்கு உத்தமமானதே. ஆனால் கன அடிக் கணக்கில் விலை பேசப்படும் அந்த மரத்தைச் சேற்றில் புதைக்க மனம் வருமோ என்பது வேறு கேள்வி. கவனிக்க வேண்டியவை அவ்வீடுகளின் சன்னல்களும் கதவுகளுமே. பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காக ஏறியிருக்கும் அந்த வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க இடமுண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2016-இல்தான் இயற்றப்பட்டது. அன்றியும் 1997-இல் தடை செய்யப்படும் வரையில், கறையான் கண்ட இடமெல்லாம் பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லித் தூளைக் கைநிறைய அள்ளித் தூவுவது ஊர்தோறும் இருந்த வழக்கம். அந்தத் தூள் எளிதில் அழியாத ஜாதி. தரையோடு தொட்டுக்கொண்டிருந்த நிலைக்கால்களின் அடிப்பகுதியை உணவுப் பயிருக்கு அருகே கொண்டுவராமலிருப்பதே விவேகம்.

இரண்டாவது, ஓட்டு வீடுகளையும் கீற்று வீடுகளையும் பிரிக்கும்போது கிடைக்கும் பனங்கை. முற்றிய பனையின் வெளிப்புற வைரம் கறையானுக்கு எளிதில் இளகுவதன்று. மருந்து பூசாமலே இரண்டு மூன்று தலைமுறை கூரை தாங்கிய கைகளை இன்றும் காணலாம். அடுப்புப் புகை ஏறிய கரிய மெருகைத் தவிர அதில் வேறு வண்ணம் இராது. பனையை வெட்டுவதற்கு ஜில்லாக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்த பிறகு, பிரித்தெடுத்த பழைய பனங்கையே தக்க வழி. மரத்தாலேயே பாத்தி அடைப்பேன் என்பவருக்கு நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்.

மூன்றாவதும், மலிவு காரணமாக எல்லோரும் முதலில் கை வைப்பதும், சென்ட்ரிங் பலகை. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் சிமெண்டுப் பால் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாகப் படிந்திருக்கும். மறுமுகத்தில் ஆணி அடித்துப் பிடுங்கிய துளைகள். ஓரத்தை நகத்தால் சுரண்டினால் கறுத்து வழுவழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு, மெக்கானிக் பட்டறையின் வாசனை அடிக்கும். காங்கிரீட் பலகையில் ஒட்டாமல் கழன்று வரவேண்டும் என்பதற்காகக் கொத்தனார்கள் ஒவ்வொரு தளத்துக்கும் ஒருமுறை தடவிய எண்ணெய் அது. பல இடங்களில் அது லாரியிலிருந்தும் டிராக்டரிலிருந்தும் இறக்கிய வேஸ்ட் ஆயிலே. எந்திரத்துக்குள் கிடந்து கருகிய அந்த எண்ணெயில் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய கரிமச் சேர்மங்களும் தேய்ந்த உலோகத் துகள்களும் கலந்திருக்கும். அதே எண்ணெயையே வேலிக்காலின் அடியிலும் நிலையின் பின்புறத்திலும் கறையானுக்காகப் பூசுவதும் இங்கே சர்வசாதாரணம். ஆலையில் மருந்தேற்றிய மரத்துக்கு ஒரு முத்திரையாவது இருக்கும். டப்பாவும் துணியுமாகத் திண்ணையில் உட்கார்ந்து மருந்திட்ட மரத்துக்கு எந்த அடையாளமும் கிடையாது.

நான்காவது, ரெயில் கட்டை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இல் மீட்டர் பாதை வந்தது. இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அது அகலப்பாதையாக மாறிற்று. அறந்தாங்கி வழியாகத் திருவாரூர் செல்லும் பழைய பாதையும் 2019-க்குள் அவ்வாறே மாற்றப்பட்டது. அகலப்பாதையைத் தாங்குவது காங்கிரீட் கட்டை. கழித்த மரக்கட்டைகள் எங்கிருந்து வந்தாலும், அவற்றின் கனத்தையும் உறுதியையும் கண்டு மயங்கி, தோட்டப் படிக்கும் பாத்திக்கும் வாங்குவோர் உண்டு. கிரியோசோட் குடித்த கட்டை பங்குனி வெயில் ஏறியதும் கறுப்பாக வியர்க்கும். தார் வாடையே அதன் சாட்சி. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கிரியோசோட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. காய்கறிப் பாத்திக்கு இக்கட்டை எவ்வகையிலும் ஆகாது.

ஐந்தாவது, தொழிற்பேட்டைகளிலிருந்து கழிந்து வரும் பேலட் என்னும் சரக்கு அடுக்குப் பலகை. ஒரு நாட்டுப் பூச்சி மரத்தோடு மற்றொரு நாட்டுக்குக் குடியேறாதிருக்க 2002-இல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தார் ஏற்படுத்திய விதியின்படி, அயல்நாடு போகும் பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் வரைந்த ஒரு முத்திரை சுடப்பட்டிருக்கும். அதில் நாட்டின் குறி, ஆலையின் எண் இவற்றோடு, 'எச்.டி.' அல்லது 'எம்.பி.' என்று இரண்டெழுத்துக் காணப்படும். முன்னது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிஷம் சூடேற்றப்பட்டது என்று பொருள்படும், அதில் மருந்தில்லை. பின்னது மெத்தில் புரோமைடு புகை காட்டப்பட்டது. அந்த வாயு நாளடைவில் பறந்துவிடுமாயினும் உணவுப் பயிருக்கு அதை ஒதுக்குவதே நலம். முத்திரையே இல்லாதது உள்நாட்டில் சுற்றிய பேலட். அதன்மேல் என்னென்ன சரக்கு சிந்தியதோ, யார் அறிவார்? எச்.டி. முத்திரையுள்ள பைன் பலகை நிரபராதிதான். ஆனால் மருந்தில்லாத காரணத்தாலேயே நம் ஊர்க் கறையானுக்கு அது பால்சோறு.

மலையாளத்துச் சரக்காக வரும் ரப்பர் மரம், அறுத்தபின் வெண்காரமும் போரிக் அமிலமும் ஊட்டியே விற்கப்படுவது. அவை நீரில் கரையும் ஜாதியாகையால் பாத்தியின் ஈரத்தில் விரைவில் வெளியேறிவிடும். போரானுக்குக் கூச்சமுள்ள பீன்ஸ் முதலிய பயறுவகைச் செடிகள் இலையோரம் கருகலாம். மருந்து போனபின் மரமும் நில்லாது. கரையோரத்தில் உடைத்த படகுப் பலகையோ தாரும் செம்பு கலந்த வண்ணமும் ஏறியது.

கடைசியாகத் தென்னை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைப் பாய்போல் படுக்கவைத்தபோது, விழுந்த மரங்களை என்ன செய்வதென்பது வீட்டுக்கு வீடு கேள்வியாயிற்று. தென்னையின் வெளிவட்டம் அடர்த்தியானதேயாயினும், உட்புறம் பஞ்சுபோன்றது. மருந்தேற்றாவிட்டால் தரையில் நெடுங்காலம் நில்லாது. அதனினும் பெரிய தீமை, மக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடம் என்பது. புயலுக்குத் தப்பிய மரங்களின் குருத்தைக் குடைய அந்த வண்டுக்குத் தோட்டத்திலேயே தொட்டில் கட்டிக் கொடுத்ததாக முடியும். மருந்தில்லாத மரமெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இதுவே உதாரணம்.

மரத்திலிருந்து வேருக்கு

மருந்து மரத்தில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு வெளியே வரும் என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். எட்டடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரமுள்ள பாத்திக்கு ஒன்றரை அங்குலக் கனப் பலகை அடைத்தால், மரம் 3 கன அடி, அதாவது சுமார் 0.085 கன மீட்டர் ஆகிறது. தரையில் படும் மரத்துக்கு அமெரிக்காவில் கன மீட்டருக்கு 6.4 கிலோ அளவில் செம்பு–குரோமிய–ஆர்சனிக் கலவையை ஏற்றிவந்தார்கள். அதில் 34 சதவீதம் ஆர்சனிக் பென்டாக்ஸைடு. அப்படியானால் அந்தப் பாத்திப் பலகைகளில் மொத்த மருந்து ஏறக்குறைய 540 கிராமும், அதில் ஆர்சனிக் மட்டும் 120 கிராமும் அடங்கியிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு கசிந்து, பாத்தியிலுள்ள டன்னுக்குச் சற்று மேற்பட்ட மண் முழுவதிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், கிலோ மண்ணுக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூடும். சாதாரண மண்ணில் இயற்கையாகவே இருப்பது கிலோவுக்குச் சில மில்லிகிராமே.

ஆனால் அது சமமாகப் பரவுவதில்லை. ஆர்சனிக் மண்ணிலுள்ள இரும்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகையால் பலகையை அடுத்த நாலைந்து விரற்கடைக்குள்ளேயே பெரும்பகுதி தங்கிவிடுகிறது. இரும்பு மிகுந்த புதுக்கோட்டைச் செம்மண் இவ்விஷயத்தில் நமக்கு அனுகூலமே செய்கிறது. இதற்கு எதிராக வேலை செய்பவை இரண்டு. மக்கிய எருவிலிருந்து வரும் அமிலங்கள் மரத்திலுள்ள மருந்தை அதிகமாகக் கரைத்தெடுக்கும். சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரமோ, ஆர்சனிக் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு அதை வேருக்குத் தள்ளிவிடும். எருவும் உரமும் தாராளமாக இடும் மேட்டுப்பாத்தியில் இரண்டும் கூடிவருகின்றன.

பயிர்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஆர்சனிக்கும் ஈயமும் வேரிலும் இலையிலும் தங்கும் அளவுக்குக் காயில் ஏறுவதில்லை. ஆகவே முள்ளங்கி, பீட்ரூட், சேனை முதலிய கிழங்குகளுக்கும், மழைத்துளி தெறித்து மண் ஒட்டிக்கொள்ளும் அரைக்கீரை, சிறுகீரைக்கும் ஆபத்து அதிகம். தக்காளி, கத்தரி, வெண்டை, பாகற்காய்க்குக் குறைவு. தார் எண்ணெயும் வேஸ்ட் ஆயிலும் பெரும்பாலும் வேர்த்தோலோடு நின்றுவிடுகின்றன. கிழங்கின் தோலைச் சீவுவதும் கீரையைப் பல நீரில் அலசுவதும் தீங்கைக் குறைக்கும், அறவே போக்காது. இத்தகைய பாத்தியில் விளைந்த காயைத் தின்றவுடன் ஒருவர் நோயில் விழுவார் என்று அஞ்சுவது மிகை. ஆனால் சின்னக் குழந்தைக்குத் தினந்தோறும் பருப்பும் கீரையும் பிசைந்து ஊட்டும் வீட்டில், சிறிதுசிறிதாகச் சேரும் நஞ்சை அற்பமென்று தள்ளுவது அறியாமை.

அடுப்புச் சாம்பல்

இங்கே மேனாட்டு நூல்கள் அதிகம் பேசாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம்மிடம் பழைய மரத்தின் யாத்திரை பாத்தியோடு முடிவதில்லை. உளுத்துப்போன பலகை விறகாகிறது. கலியாண வீட்டுக் கோட்டை அடுப்பிலும், டீக்கடையிலும், வெந்நீர் அண்டாவின் அடியிலும் அது எரிகிறது. ஈய வண்ணமும் ஆர்சனிக்கும் எரிந்து அழியும் பொருள்களல்ல. ஒரு பகுதி புகையோடு எழுந்து அடுப்பூதுகிறவள் நெஞ்சுக்குள் போகும்; மிச்சம், நூறு பங்கு மரம் ஏறக்குறைய ஒரு பங்காகச் சுருங்கும் சாம்பலில் பன்மடங்கு செறிந்து கிடக்கும். அந்தச் சாம்பலைத்தான் நம் வீட்டுப் பெண்கள் விடியற்பனியில் அவரைப் பூவின்மேலும் கத்தரி இலையின்மேலும் அசுவினிக்குத் தூவுகிறார்கள், எருக்குழியிலும் கொட்டுகிறார்கள். பலகையிலிருந்து ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறங்க வேண்டிய நஞ்சு, ஒரே காலையில் நேராகக் காயின்மேல் வந்து படிகிறது. பாத்தியில் பழைய மரம் வைப்பது பிழையா என்று வாதிடுவோர், அதற்கு முன்பாக வண்ணம் பூசிய மரத்தையும் மருந்து மரத்தையும் அடுப்பில் வைக்காதிருக்கவும், அதன் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டாதிருக்கவும் சங்கற்பம் செய்துகொள்வது முக்கியம்.

செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றால், மருந்து மரம் நல்லதா கெட்டதா என்று ஒரே வாக்கியத்தில் கேட்டு ஒரே வாக்கியத்தில் விடை பெற முடியாது என்பது விளங்கும். மேனாட்டார் அஞ்சிய ஆலைமருந்து மரம் நம் ஜில்லாவில் அருகலாகவே அகப்படும். இங்கே பெருகியிருப்பது, இன்னது பூசினோம் என்று எழுதிவைக்காமல் பூசிய எண்ணெயும் தாரும் தூளும். ஆகவே மரம் எந்த ஜாதி என்று விசாரிப்பதைவிட, அது எங்கே நின்றது, என்ன வேலை பார்த்தது, எதைக் குடித்தது என்று விசாரிப்பதே முதன்மையானது. பழைய மரக் கடையில், "அண்ணே, இது எந்த வீட்டுக் கட்டை?" என்று கேட்டால், "அட, நல்ல வைரம் பாஞ்ச கட்டை தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். கண்ணைத் திறந்துகொண்டு எடுப்பதே நம் கடமை. தார் வாடை அடிப்பது, அறுத்த முகத்தில் பச்சை ஓடியது, எண்ணெய் கறுத்தது, பழைய வண்ணம் செதில் உரிவது, எம்.பி. முத்திரை இட்டது ஆகிய ஐந்தையும் விலக்க வேண்டும். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமான மருந்து மரம் கண்ணுக்கு அகப்படாது. ஆகையால் வரலாறு தெரியாத மரத்தையும் விலக்குவதே நியாயம்.

முன்பே அடைத்துவிட்ட பாத்தியை இடித்துத் தள்ள வேண்டியதில்லை. மண்ணை ஓரத்திலிருந்து ஒரு சாண் வாங்கி, பலகையின் உட்புறம் கெட்டியான பாலித்தீன் தாளைப் பக்கங்களுக்கு மட்டும் அடித்து, அடியை நீர் வடியத் திறந்துவிட்டு, வாங்கிய மண்ணுக்குப் பதில் புதுமண் இடலாம். ஓரத்தில் கிழங்கும் கீரையும் போடாமல், நடுவில் கத்தரியும் வெண்டையும் வைக்கலாம்; மரமே உளுத்தபின் மறுபடி மரம் வையாது விடலாம். மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாகப் பார்ப்பவை கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள் முதலியனவே. ஆர்சனிக்கையும் ஈயத்தையும் பார்க்கும்படி தனியே கேட்டு, அதற்குரிய ஆய்வுக்கூடத்தையே நாட வேண்டும். வம்பனில் பயறு ஆராய்ச்சி மையத்தோடு வேளாண் அறிவியல் நிலையமும், குடுமியான்மலையில் வேளாண் கல்லூரியும் இருக்கும் ஜில்லாவில், வீட்டுத் தோட்டத்துக்குப் பழைய மரம் வாங்குவோர்க்கென ஒரு சிறு வழிகாட்டி எழுதி வழங்குவது அரிய காரியமன்று.

புதிதாகத் தொடங்குவோர்க்கு என் அபிப்பிராயம் வேறு. மரம் அருமையாகவும் கல் மலிவாகவும் உள்ள சீமை இது. வேலிக்குக் கல் கால் நடுவதும், தோட்டத்தைக் கல் அடுக்கி வளைப்பதும் இங்கே கண்ணுக்குப் பழகிய காட்சி. செம்புராங்கல் தட்டுப்படும் மனையில் தோண்டியெடுத்த கல்லையே ஓரடி உயரத்துக்குச் சாந்தின்றி அடுக்கிவிட்டால், கறையானும் இல்லை, மருந்தும் இல்லை, இடையிடையே நீர் வடியவும் வழியுண்டு. பழைய செங்கல் அடுக்குவோர் சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தி நீக்கிவிட்டு அடுக்க வேண்டும். இல்லையேல் மண் காரமேறி இலைகள் வெளுக்கும். கல் வெயிலில் சுடும் என்ற குறையை, மேற்குப் புறத்தில் ஓர் அகத்தியோ முருங்கையோ வைத்து நிழல் தந்து போக்கிக்கொள்ளலாம். நல்ல மண்ணும் நீர் பாயும் வசதியும் உள்ளவர்கள் எதையும் அடைக்காமல் முன்னோர் காட்டிய தாழ்பாத்தியிலேயே பயிரிடுவது எல்லாவற்றிலும் மேல்.

பழைய மரத்தைப் புறக்கணிக்கச் சொல்வதாக இதனைக் கொள்ள வேண்டாம். சென்ட்ரிங் பலகையும் வண்ணக் கதவும் பேலட்டும், மண்ணைத் தொடாததும் ஆடுமாடு நக்காததுமான எத்தனையோ வேலைகளுக்குக் கொட்டகையிலும் திண்ணையிலும் இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடியவை. மரமே பாத்திக்கு வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர் பனங்கையைத் தேடட்டும்; அது அகப்படாதவர் எச்.டி. முத்திரைப் பலகையை, மூன்று ஆண்டில் கறையானுக்குக் கொடுத்துவிடும் மனத்தோடு வைக்கட்டும். வரலாறு தெரியாத மரத்தின் மலிவை மட்டும் பார்த்து அதைக் கீரைப் பாத்திக்கு வேலியாக்குவது, கடையில் மிச்சம் பிடித்த காசை வீட்டாரின் உடம்பில் செலவெழுதுவதேயாகும்.